வைஃபையும் புளூடூத்தும் மாடிவீட்டுக் கட்டிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பிள்ளை இப்போதுதான் கண்ணை மூடினாள். இங்கே எல்லோரும் சுகம், என் மானத்துக்குத்தான் கொஞ்சம் உடம்பு சரியில்லை.

நீ சொல்லி வாங்கிக் கொடுத்த வேலைதான் காரணம். தொட்டிலருகே வைத்தால் குழந்தை அழுவதை நம் போனில் கேட்கவைக்கும் அந்தக் கருவிக்கு ஆங்கிலக் கையேடு எழுதி முடித்தேன். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போட்டால் நடை சப்பென்றிருக்கும் என்று கல்லூரியில் சொன்னதை நம்பி, முதல் பத்தியில் வைஃபை, அடுத்ததில் வயர்லெஸ், அதற்கடுத்ததில் புளூடூத் என்று ஒரே சங்கதிக்கு மூன்று பெயர் சூட்டி அழகு பார்த்தேன். எழுதியதை யாராவது அப்படியே செய்து பார்க்கவேண்டும் என்பாயே, இவரிடம் கொடுத்தேன். இவர் வரிக்கு வரி கீழ்ப்படிந்து, புளூடூத்தில் முதலில் தெரிந்த பெயரைத் தட்டிவிட்டார். அது மாடியில் வீட்டுக்கார அம்மா பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கர். அது தெரியாமல் நான் அந்தக் கருவி வைத்த தொட்டிலை ஆட்டிக்கொண்டே நம் அம்மாவிடம் போனில், "பிள்ளை தூங்குற நேரமா பார்த்து மேல கட்டிலை இழுக்குறாங்கம்மா. அந்தக் கட்டிலுக்குக் கால் வலிக்காதா" என்று புலம்புகிறேன். மேலே சத்தம் சட்டென்று நின்றது. "பாத்தியா, சொன்னதும் நின்னுடுச்சு" என்றேன். அதுவும் மேலே கேட்டிருக்கிறது.

கதவு தட்டப்பட்டது. "கட்டிலுக்கு இப்ப வலி பரவாயில்லம்மா. விசாரிச்சதுக்கு ரொம்ப சந்தோஷம்" என்றார் அந்த அம்மா. இவரோ, "அவ எழுதினதைத்தான் செஞ்சேன், வேணும்னா படிச்சுப் பாருங்க" என்று அவரிடமே நியாயம் கேட்கிறார்.

வெட்கத்தைவிடப் பயம்தான் எனக்கு. இதை நம்பி இன்னொருத்தி அடுத்த அறைக்குப் போனால், அவள் பிள்ளையின் அழுகை யார் வீட்டிலோ அல்லவா கேட்கும். அதனால் போனுக்கு வைஃபை, ஸ்பீக்கருக்குப் புளூடூத், இரண்டும் வேறு என்று கடைசியில் கொட்டை எழுத்தில் ஓர் எச்சரிக்கை சேர்த்தேன். பிறகு, முதல் பத்திகளில் நான் செய்த குளறுபடி தீர, வைஃபை தவிர்த்த மற்றப் பெயர்களையெல்லாம் கையேடு முழுக்க ஒரே தட்டில் வைஃபையாக மாற்றிவிட்டேன். காலையில் மேலாளர் பார்ப்பார். தப்பிருந்தால் என் வேலையோடு உன் பெயரும் போகும். நீ ஒருமுறை படிக்காமல் அனுப்பவே மாட்டேன்.

அத்தானுக்கு வணக்கம், உன் வாலுகளுக்கு முத்தம்.

உன் தங்கை

பி.கு.: "முடிஞ்சுதுன்னியே, அப்பவே அனுப்பிட்டேன்" என்கிறார் இவர், அதுவும் பெருமையாக. இப்போதுதான் அந்த எச்சரிக்கையைப் படித்தேன்: போனுக்கு வைஃபை, ஸ்பீக்கருக்கு வைஃபை, இரண்டும் வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். மேலாளர் திறப்பதற்குள் ஏதாவது செய்ய முடியுமா அக்கா? சீக்கிரம் பதில் போடு.