சுடுகாத்தா, கரண்டா

மயில்வாகனம் காரின் பொனெற்றைத் திறந்து வைத்துக்கொண்டு அரைமணித்தியாலமாக உள்ளே பார்த்தபடி நின்றார். உள்ளே ஒன்றும் மாறவில்லை.

"சோக் செத்துப்போச்சு அண்ணை," என்றான் நிரோஜன். கண்டாவளைச் சந்தியில் ஓட்டோ திருத்துகிறவன்.

சோக் என்பது காபரேற்றர் வாயிலுள்ள ஒரு சின்னத் தகடு. குளிர்ந்த என்ஜின் எழும்புவதற்காகக் காற்றை மறித்து நிற்கும். பக்கத்திலுள்ள சுருள் சூடாக, தானாகத் திறக்கும். சுருளைச் சூடாக்க, சைலன்சர் பக்கமிருந்து குழாயில் சுடுகாத்து வரும். அந்தக் குழாய் உக்கிப்போயிருந்தது.

"இப்ப கரண்டுச் சோக் இருக்கு. ஒரு வயர்தான். பூட்டுவமா?"

மயில்வாகனம் யோசித்தார். அறுபத்தோராம் ஆண்டு அமெரிக்கக் கார். ஊரிலே அதைப்போல நீளமானது வாய்க்கால் ஒன்றுதான். மூன்று இடப்பெயர்விலும் அவர் கைவிடாத சாமான் அது. ஊர்க் கலியாணமென்றால் மாப்பிள்ளை அதில்தான் போவார். ஆனால் போன தையில், பட்டுவேட்டியோடு மாப்பிள்ளை இறங்கி ஒழுங்கையின் தெருமுனைவரைக்கும் தள்ளவேண்டி வந்தது. வீடியோ எல்லாருடைய போனிலும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கிருசாந்தனின் கலியாணம். இந்த முறையும் தள்ளவைத்தால் இனி எல்லாரும் பரந்தனில் வான் ஓட்டுகிறவனைத்தான் வாடகைக்குப் பிடிப்பார்கள்.

"பூட்டு," என்றார்.

நிரோஜன் லைற் வயரில் கரண்டை எடுத்தான். அதனால் லைற்றைப் போட்டால்தான் சோக் திறந்தது. பட்டப்பகலில் லைற் எரிய, அந்த நீள வெள்ளைக் கார் மெல்ல மெல்லச் சந்திக்குப் போனது. சைக்கிளில் வந்தவர்கள் இறங்கி ஓரமாக நின்றார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.

"ஆர் செத்துப்போனது?" என்று கேட்டார்.

"ஒருத்தருமில்லை. சோக் பாக்கிறன்."

வீட்டுக்கு வரமுதல் பற்றரி போய்விட்டது.

"நான் அப்பவே சொன்னனான்," என்றான் அவருடைய மச்சான் கிருபன். அவன் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. "இது சுடுகாத்துக்குப் பிறந்த வண்டி. குழாயை மாத்தினால் சரி."

"குழாய்க்கு எங்க போறது?"

"என்னட்டை இருக்கு."

வயலுக்கு மருந்தடிக்கிற டாங்கியின் பித்தளைக் குழாயை வளைத்துப் பூட்டி, பற்றரிக்கும் சார்ஜ் ஏற்றினான். என்ஜின் சூடாக, குழாயில் படிந்திருந்த மருந்தெல்லாம் புகையாகி உள்ளே வந்தது. காருக்குள்ளிருந்த நுளம்புகள் அத்தனையும் செத்து விழுந்தன.

"மாப்பிளையை உதுக்குள்ள எப்பிடி இருத்துறது?" என்றார் மயில்வாகனம், வேலியைப் பிடித்து இருமியபடி.

"நுளம்பு கடியாதெல்லோ," என்றான் கிருபன்.

குழாயைச் சோடாப் போட்டுக் கழுவினார்கள். பிறகு ஒன்று பழுதானால் மற்றது இருக்கட்டுமென்று கரண்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள். என்ஜின் மூன்றுதரம் செருமிவிட்டு நின்றது. நின்றது நின்றதுதான்.

புதன்கிழமை பின்னேரம் பேச்சியம்மாவைக் கூட்டிவந்தார்கள். வயல்களில் தண்ணிப் பம்புகள் திருத்துகிறவள். தாய் தகப்பன் மலையகத்திலிருந்து வந்தவர்கள். அவள் கை வைத்தால் சேற்றில் கிடந்த பம்பும் பேசும் என்பார்கள். கண்ணால் கண்டவர்கள் அதுவும் குறைவுதான் என்கிறார்கள்.

வந்தவள் ஒன்றையும் தொடவில்லை. கேட்டாள்.

"ரெண்டையும் ஏண்ணே பூட்டினீங்க?"

"ஒண்டுக்கு ஒண்டு துணையா இருக்கட்டுமெண்டு."

"ஒரு புள்ளைக்கு ரெண்டு பேரு ஒரே நேரத்தில சோறு தீத்தினா அது விழுங்குமா, துப்புமா? என்ஜின் சூடாக முந்தியே சோக் திறந்திருது. அதான் நிக்கிது."

"அப்ப எது நல்லம் தங்கச்சி? சுடுகாத்தா, கரண்டா?"

"ரெண்டும் நல்லதுதான். குழாய் நல்லா இருந்தா சுடுகாத்து சாகும்வரைக்கும் உழைக்கும். உங்க குழாய்தான் செத்துப்போச்சே. கரண்டை வையுங்க. ஆனா லைற்றில தொங்கக்கூடாது. சாவி போட்டா வரணும், எடுத்தா நிக்கணும்."

சாவியிலிருந்து தனி வயர் இழுத்தாள். சுடுகாத்து வந்த பழைய ஓட்டையை ஒரு சின்ன ஆணியால் இறுக்கி அடைத்தாள். அதை அடைக்கவேண்டுமென்று அதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை. பிறகு சுருளை மயிரளவு திருப்பி, காதை வைத்துப் பார்த்து, இன்னும் அரை மயிர் திருப்பினாள். நிரோஜன் கிட்டப்போய்க் கைகட்டி நின்று பார்த்தான்.

வியாழன் விடிய, பனிக்குள் கிடந்த கார் ஒரே முறுக்கில் எழும்பியது. மயில்வாகனத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று பின்னேரம் காரை மாப்பிள்ளை வீட்டு வாசலில் விட்டுப் பூச்சோடித்தார்கள். வெள்ளி விடிய ஐந்தரைக்கு, உடையார்கட்டிலுள்ள பொம்பிளை வீட்டுக்குப் புறப்பட வேண்டும். ஐந்தரையானபோது சனம் முழுக்கக் காரின் பின்பக்கமாகக் கூடி நின்றது. மயில்வாகனம் பிள்ளையாரை நினைத்துச் சாவியைத் திருப்பினார்.

ஒரே முறுக்கு. பால் கொதிக்கிற சத்தம்போல என்ஜின் ஓடியது.

பெருமையோடு கண்ணாடியில் பின்னுக்குப் பார்த்தார். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. பட்டுவேட்டியை மடித்துக் கட்டியபடி பின்னால் நின்ற கிருசாந்தன் தாயைப் பார்த்தான்.

தாய் சிவனேஸ்வரி யன்னலுக்குக் கிட்ட வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னா:

"அண்ணை, குறை நினையாமல் ஒருக்கா நிப்பாட்டுங்கோ. போன தையில இதைத் தள்ளின பெடியனுக்கு மார்கழியில ரெட்டைப் பிள்ளை. பரந்தன் வானை விட்டிட்டு நாங்கள் இதைப் பிடிச்சதே தள்ளத்தான்."