எதுக்கு அண்ணாச்சியும் என் அம்பாசடரும்

தூத்துக்குடி வட்டாரத்தில் பழைய காரை வாங்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கியவன் எவனாவது உண்டென்றால், அவன் எதுக்கு அண்ணாச்சியைச் சந்திக்காதவனாகத்தான் இருப்பான்.

துறைமுகத்தில் நனைந்த சரக்கையும் நசுங்கிய சரக்கையும் பார்த்து நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய கார் ஆசை பிடித்தவர்கள் அவரிடம் காட்டாமல் வாங்குவதில்லை. அவர் வருவார். காரின் அடியில் விரலை இழுப்பார். அந்த விரலை நாக்கில் வைப்பார். கடற்காற்று எவ்வளவு தின்றிருக்கிறது என்பது உப்பு ருசியிலேயே தெரிந்துவிடுமாம். காருக்கான பரிசோதனை அவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் வாங்க வந்தவனைத்தான் சோதிப்பார்.

"எதுக்கு?" என்பார். என்ன காரணம் சொன்னாலும், "சரி, அது எதுக்கு?" என்பார். இப்படித்தான் அவருக்கு அந்தப் பெயர் வந்தது.

துபாயிலிருந்து லீவில் வந்திருந்த காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் பழைய ஜீப் ஒன்றை வாங்க நின்றார். வருஷத்துக்கு ஒரு மாசம்தான் ஊரில் இருப்பேன் என்பதை அவர் வாயாலேயே வரவழைத்தார் அண்ணாச்சி. பிறகு, "மிச்ச மாசமெல்லாம் உங்க வாப்பால்லா இதுக்குத் தார்ப்பாய் கட்டணும். அவுகளைக் கேட்டியளா?" என்றார். வாப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். வியாபாரம் அதோடு முறிந்தது.

பெரியதாழையில் இதற்கு நேர்மாறு. ஒரு படகுக்காரர், தன் அப்பா எப்போதோ படகு வாங்குவதற்காக விற்ற காரைத் தேடிக் கண்டுபிடித்திருந்தார். காரின் தரையில் இருந்த ஓட்டை வழியே கோழி உள்ளே போய் வந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி ஒரு தடவை சுற்றி வந்தார், கேட்கிற விலையைக் கொடுத்துவிடச் சொன்னார். அந்தக் கார் இன்றுவரை ஓடவில்லை. படகுக்காரர் சாயங்காலமானால் அதற்குள் உட்கார்ந்து டீ குடிக்கிறார்.

இதையெல்லாம் அறிந்தும் எனக்கு அம்பாசடர் ஆசை வந்தது. நானோ கப்பல் ஏஜென்சி ஆபீசில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரைப் பார்க்கிறவன். பஞ்சரானால் டயரை விட்டுவிட்டு மெக்கானிக்கின் முகத்தைப் பார்க்கிறவன். தருவைகுளத்தில் ஒரு வண்டி இருப்பதாகக் கேள்விப்பட்டு, மனைவியையும் அண்ணாச்சியையும் கூட்டிக்கொண்டு போனேன்.

பாரம்பரியம் என்று ஆரம்பித்தேன். அது எதுக்கு என்றார். பழமையைக் காப்பது நம் கடமை என்றேன். அது எதுக்கு என்றார். வீட்டில் ஒத்திகை பார்த்துவைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் தீர்ந்துபோய், கடைசியில் உண்மை வெளியே வந்தது. "ஆபீஸ்ல எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க, அண்ணாச்சி."

அவர் சிரிக்கவில்லை. "திரும்பிப் பாக்கதுக்கு இம்புட்டுப் பெரிய வண்டி வேண்டாம்லே. ஒரு செவப்புச் சட்டை போதும்."

என் மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பு கிளப்பிய வீம்பிலேயே நான் வண்டியை வாங்கினேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள் என்பதை மறுக்க முடியாது. பாளையங்கோட்டை ரோட்டில் என் வண்டி நடுவில் நின்றபோது, பின்னால் நின்ற லாரிக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். கல்யாண வீட்டுக்குப் போகும் வழியில் என் மனைவி பட்டுப்புடவையோடு வண்டி தள்ளியதை அவள் தம்பியே வீடியோ எடுத்தான். வண்டி எங்கே நின்றாலும் அண்ணாச்சிக்கு எப்படியோ செய்தி போய்விடும். வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளுவார். அப்பவே சொன்னேனே என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன்.

கடைசியில் விற்கத் துணிந்தேன். ஆழ்வார்திருநகரியிலிருந்து ஒரு ஜவுளிக்கடைக்காரர் மனைவியோடு வந்தார். என் பக்கம் பேசத்தான் அண்ணாச்சியை அழைத்திருந்தேன். அவர் வந்ததும் வராததுமாக அந்த மனிதரிடம் எதுக்கு என்று கேட்டார்.

ஜவுளிக்கடைக்காரர் தன் மனைவியைப் பார்த்தார். "இவளுக்கு முட்டு வலி, அண்ணாச்சி. புதுக் கார்ல குனிஞ்சு ஏற முடியல. டாக்டர்ட்ட போகும்போதும் அழுதுட்டே வாரா. இதுல சேர்ல உக்காருத மாதிரி உக்காந்துருவா."

அண்ணாச்சி இரண்டாவது கேள்வி கேட்காததை அன்றுதான் பார்த்தேன். அந்த அம்மா பின்சீட்டில் ஏறி நிமிர்ந்து உட்காரும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் திரும்பி, "சாவியைக் குடுலே," என்றார்.

எனக்கு ஒரு நாளும் ஒரே முயற்சியில் கிளம்பாத வண்டி ஜவுளிக்கடைக்காரருக்கு உடனே கிளம்பியது. தெரு முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் தூசி என்று மனைவியிடம் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி தன் மொபெட்டோடு வாசலில் நின்றார். ஆறுமுகநேரியில் ஒரு பழைய வண்டி நிற்கிறதாம், வாங்க வேண்டாம், பார்த்துவிட்டு மட்டும் வரலாம் என்றார். அன்று ஆரம்பித்தது, இன்றும் நிற்கவில்லை. கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் ஓட்டுவதில்லை. நான் ஓட்டுகிறேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு வழி நெடுகப் பேசிக்கொண்டே வருகிறார். வேகமாகப் போனால் அவர் பேச்சில் பாதி காற்றோடு போய்விடுகிறது. அதனால் மெதுவாகத்தான் ஓட்டுகிறேன்.