எம்.டி.க்கு நான் நடத்திய அறுபதாம் கல்யாணம்

எதையும் சோதித்துப் பார்க்காமல் வாங்குகிற ஆள் இல்லை நான். தேங்காயைத் தட்டிப் பார்ப்பேன், வெண்டைக்காயை ஒடித்துப் பார்ப்பேன், செருப்பு என்றால் கடைக்குள்ளேயே ஒரு நடைப்பயிற்சி முடித்துவிடுவேன். (நாங்கள் குடியிருக்கும் புனே நிக்டியில் செருப்புக்கடைக்காரர் என்னைக் கண்டால் ஷட்டரை இறக்குவார் என்பது என் மனைவி கிளப்பிவிட்ட கதை.) இந்த நல்ல குணம் என்னை ஒரே ஒரு முறைதான் கைவிட்டது. அப்போது நான் சோதித்தது, பத்திரிகைச் செய்தி சேகரித்துத் தரும் ஏஜென்ஸிகளை.

தொண்ணூறுகளின் கடைசி. நிக்டிக்குப் பக்கத்தில் சிஞ்ச்வட்டில் வண்டி பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில், சாமான் வாங்கும் பர்ச்சேஸ் பிரிவில் இருந்தேன். எங்கள் எம்.டி. சுப்பிரமணியம் சார் கோயம்புத்தூர்க்காரர். கம்பெனியைப் பற்றி எந்தப் பேப்பரில் என்ன வந்தாலும் காலைக் காபியோடு தன் மேஜைக்கு வந்துவிட வேண்டும் என்று அவருக்குத் திடீரென்று ஆசை. அந்த நாளில் இதற்கென்றே ஏஜென்ஸிகள் இருந்தன. எல்லாப் பேப்பர்களையும் படித்து, நம் பெயர் வந்த இடத்தை மட்டும் கத்தரித்து, ஒட்டி அனுப்புவார்கள்.

"நல்ல ஏஜென்ஸியா ஒண்ணு புடிங்க தம்பி. சரியாப் புடிச்சீங்கன்னா மக்கள் தொடர்பு டிபார்ட்மெண்ட் உங்குளுக்கு. இல்லீன்னா மறுபடியும் நட்டு போல்ட்டுத்தான்" என்றார்.

நட்டு போல்ட்டுக்குத் திரும்பும் உத்தேசம் எனக்குத் துளியும் இல்லை. அன்று மாலையே 'மக்கள் தொடர்பு அதிகாரி' என்று விசிட்டிங் கார்டு அடிக்கக் கொடுத்துவிட்டேன். கார்டு வந்ததும் எங்கள் ஹவுஸிங் சொசைட்டி நோட்டீஸ் போர்டில் ஒன்றைக் குத்தி வைத்தேன். வாட்ச்மேனுக்கும் ஒன்று கொடுத்தேன். அவர் மரியாதையாக வாங்கிப் பல் குத்திக்கொண்டார்.

இரண்டு ஏஜென்ஸிகள் ஒரு வாரம் இலவசமாகச் செய்து காட்டுவதாக ஒப்புக்கொண்டன. ஒன்று மும்பை ஏஜென்ஸி. டை கட்டிய இளைஞர், பளபளக்கும் ஃபோல்டர், வாயைத் திறந்தால் கம்ப்யூட்டர். இன்னொன்று, உள்ளூரிலேயே, புனே சதாசிவ் பேட்டையில் வீட்டு மாடியில் தேஷ்பாண்டே மேடம் நடத்தியது. அந்த அம்மாள் உட்காரச் சொல்லும் முன்பே உட்கார்ந்து, நான் கேட்க வேண்டிய கேள்விகளையும் தானே கேட்டு, பதிலும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அப்போதே டையின் மீதுதான் கண். ஆனாலும் தட்டிப் பார்க்காமல் தேங்காய் வாங்கலாமா?

நானே ஒரு செய்தியைப் பேப்பரில் போட்டுவிட்டு, யார் பிடிக்கிறார்கள் என்று பார்ப்பது. இதுதான் என் திட்டம். (இன்றைக்கும் சொல்கிறேன், திட்டத்தில் ஒரு குறையும் இல்லை.) எதிர் ஃபிளாட் குல்கர்னி ஒரு சின்ன மராத்தி மாலைப் பேப்பரின் நிருபர். மூலையில் நாலு வரி போட அவர் தயார். என்ன போடுவது? புது மெஷின் என்று போட்டால் போட்டிக் கம்பெனி விழித்துக்கொள்ளும். போனஸ் என்றால் யூனியன் விழித்துக்கொள்ளும். யாருக்கும் கெடுதல் இல்லாத செய்தியாக ஒன்றைப் பிடித்தேன்: எம்.டி.க்கு அடுத்த மாதம் அறுபது வயது நிறைகிறது, மணிவிழா கொண்டாட்டம். சாருக்குத் தலையில் முடி குறைவு, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடியை மேஜையில் தேடுவார். அறுபது இருக்கும் என்று நானே முடிவு கட்டினேன்.

"அவர்கிட்ட வயசு கேட்டீங்களா?" என்றாள் என் மனைவி புவனா.

"பெரிய மனுஷங்ககிட்ட வயசு கேக்கறது மரியாதை இல்ல."

"பேப்பர்ல போடறது மரியாதையாக்கும்."

புவனாவுக்கு நிர்வாகம் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, செய்தியை எழுதிய தாளோடு என் புது விசிட்டிங் கார்டையும் குத்தி குல்கர்னியிடம் கொடுத்தேன். "பக்கா ஹை நா, சார்?" என்று உறுதி கேட்டார். "ஏக்தம் பக்கா" என்றேன்.

செய்தி வந்தது. மறுநாள் மும்பையிலிருந்து வந்த கவரில் அதைத் தவிர எல்லாம் இருந்தது. தேஷ்பாண்டே மேடத்திடமிருந்து கவரே வரவில்லை. இரண்டும் ஃபெயில் என்று நான் குறித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒரு சப்ளையர் பூங்கொத்தோடு வந்து இறங்கினார். அவருக்குப் பின்னால் ஒரு டீலர், சால்வையும் தேங்காயுமாக. அப்புறம் யூனியன்காரர்கள், மாலையும் டோல் மேளமும் பேடா இனிப்புமாக. ஏஜென்ஸிகளைத் தவிர புனே முழுக்க அந்தப் பேப்பரைப் படித்திருந்தது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. எங்கள் கம்பெனியில் அறுபது என்றால் ரிடையர்மெண்ட். 'போவதை என்னிடம் சொல்லவில்லையே' என்று மும்பையிலிருந்து சேர்மன் போனில் வருத்தப்பட்டார். சேர்மனின் மருமகன் சஃபாரி சூட்டில் வந்து, சாரின் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பார்த்தான். உச்சகட்டமாக, சாரின் வீட்டம்மா போன் செய்தார். அவர் குரல் ரிசீவரைத் தாண்டி அறை முழுக்கக் கேட்டது. "எனக்குச் சொல்லாம அறுபதாங் கல்யாணமுங்களா? ஆரு கூட?"

சார் போனை வைத்துவிட்டு, மாலைகளுக்கு நடுவிலிருந்து என்னைப் பார்த்தார்.

"தம்பி, என்ற வயசு அம்பத்திரெண்டு. இந்தச் சேதிய எவன் குடுத்தான்னு உங்க ஏஜென்ஸிக்காரங்கள வெச்சுக் கண்டுபுடிங்க."

"புடிச்சுடலாம் சார்" என்றேன், கொஞ்சமும் குரல் நடுங்காமல். என்னை நானே பிடிக்கிற வேலை. உடனே மும்பைக்குப் போன் போட்டேன். "அப்படி ஒரு செய்தியே எந்தப் பேப்பரிலும் வரவில்லை" என்றார் டை. உலகத்திலேயே சிறந்த ஏஜென்ஸி இதுதான் என்று எனக்கு அப்போது தெளிவாகத் தெரிந்தது. அவர்களைச் சிபாரிசு செய்ய சார் அறைக்குள் நுழைந்தேன். எனக்குப் பின்னாலேயே தேஷ்பாண்டே மேடம் நுழைந்தார்.

கையில் அந்த நாலு வரி, பிசிறில்லாமல் ஒட்டப்பட்டிருந்தது. இந்தியில் படபடவென்று பொரிந்தார். கட்டிங் அன்றைக்கே கிடைத்துவிட்டதாம். சாரை ஒரு தொழில் கண்காட்சியில் பார்த்திருப்பதால் வயதில் சந்தேகமாம். பேப்பர் ஆபீசுக்கே போய் விசாரித்துவிட்டுத்தான் வருகிறாராம். "செய்தி கொடுத்தது இந்த சாஹேப்தான்" என்று சொல்லி, என் விசிட்டிங் கார்டை மேஜைமேல் வைத்தார்.

சார் கண்ணாடியைத் தேடி எடுத்து, கார்டை நிதானமாகப் படித்தார்.

"மக்கள் தொடர்பு அதிகாரி. எப்ப இருந்துங்க?"

"சார், ரெண்டு ஏஜென்ஸிக்கும் டெஸ்ட் வெச்சேன். மேடம் பாஸ்."

"அவிங்க பாஸு" என்றார் சார். அதற்குமேல் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மேடத்துக்கு அன்றே கான்ட்ராக்ட் கிடைத்தது. எனக்கு நட்டு போல்ட்டு கிடைத்தது. வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்று நிஜமாகவே அழுதேன். புவனா காபி கொடுத்தாள். மிச்சமிருந்த கார்டுகளின் பின்பக்கத்தில் மல்லி, சீரகம், வெந்தயம் என்று எழுதி டப்பாக்களில் ஒட்டிக்கொண்டாள். மேடம் அதன்பின் பல வருஷம் எங்கள் கம்பெனிக்குக் கட்டிங் அனுப்பினார். ஒரு செய்திகூடத் தப்பவில்லை. என் தேர்வு சரிதான் என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

சாருக்கு நிஜமாகவே அறுபது வந்தபோது, அழைத்தவர்களில் பாதிப் பேர் 'அதுதான் அப்போதே சால்வை போட்டுவிட்டோமே' என்று வராமல் இருந்துவிட்டார்கள்.

போன வருஷம் எனக்கே அறுபது நிறைந்தது. நிக்டியில் ஒரு ஹாலில் மாலையும் கழுத்துமாக நாங்கள் உட்கார்ந்திருந்தபோது, சார் கைத்தடியோடு மெதுவாக மேடையேறி வந்தார். எனக்குச் சால்வை போர்த்திவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

"ஏந்தம்பி, இது நெசமாலுமே அறுபதா, இல்ல டெஸ்ட்டுங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் புவனா சொன்னாள்: "எதுவா இருந்தாலும் சரி சார், கல்யாணம் என்கூடத்தான்."