பாயிண்ட் கொடுத்து வாங்கிய படுக்கை

காமாட்சி அம்மன் துணை

காஞ்சிபுரம்

மதிப்பிற்குரிய சம்பந்தி திருஞானசம்பந்தம் அவர்களுக்கு, பரசுராமன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே என் மனைவி ஏலவார்குழலியின் முதுகையும் என் ரத்தக்கொதிப்பையும் தவிர மற்றதெல்லாம் நலம். வாலாஜாபாத்தில் தாங்களும் சம்பந்தியம்மாளும் நலமாகத்தான் இருப்பீர்கள். அடுத்தவனுக்கு யோசனை சொல்லிவிட்டு வீட்டில் ஃபேன் காற்றில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு உடம்புக்கு என்ன வரப்போகிறது?

கோபமில்லாமல் எழுத வேண்டும் என்று முடிவு செய்துதான் பேனாவை எடுத்தேன். மேலே உள்ள கடைசி வரி என்னை மீறி வந்துவிட்டது, மன்னிக்கவும். இதை போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீங்கள் யாரையும் பேச விடமாட்டீர்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் மெல்போர்னில் என் மகள் கலைவாணியும் உங்கள் மகன் முத்துக்குமாரும் பார்ப்பார்கள். பிள்ளை பெறப் போகும் பெண்ணுக்கு அப்பாவும் மாமனாரும் முட்டிக்கொள்வதை எதற்குக் காட்ட வேண்டும்? நேரில் வருவதற்கும் வாலாஜாபாத் ஒன்றும் தூரமில்லை. வந்தால் நான் என்ன பேசுவேன் என்பதற்கு எனக்கே உத்தரவாதம் இல்லாததால், பஸ் ஏறக்கூடாது என்று வீட்டில் தடை. ஆகவே தபால்.

நம் பிள்ளைகளின் நிச்சயதார்த்தத்தன்று பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்து நீங்கள் சொன்னதை நினைவுபடுத்துகிறேன். புடவைக் கண்காட்சிக்காக நான் சிங்கப்பூர், துபாய் என்று போய்வருவது தெரிந்ததும் சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்தீர்கள். "சம்பந்தி, கண்ட ப்ளேன்லயும் ஏறாதீங்க. ஒரே கம்பெனியைப் புடிச்சிக்கங்க. பாயிண்ட்டு சேந்துக்கினே வரும். நாளைக்குப் பொண்ணைப் பாக்க மெல்போர்ன் போவீங்க இல்ல, அப்போ பைசா செலவில்லாம முன்னாடி சீட்டுல ராஜா மாதிரி காலை நீட்டிக்கினு போலாம்" என்றீர்கள். பேங்கில் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர் சொல்கிறாரே என்று நம்பினேன். காந்தி ரோட்டில் கடை வைத்து, கையில் தொட்டால் ஜரிகை அசலா போலியா என்று சொல்கிறவன், உங்கள் வாயிலிருந்து வந்ததைத் தொட்டுப் பார்க்காமல் வாங்கிவிட்டேன்.

அன்றிலிருந்து பாதி விலைக்கு வேறு கம்பெனி டிக்கெட் கிடைத்தாலும் நான் ஏறவில்லை. நான் பிடித்த கம்பெனியின் கிரெடிட் கார்டிலேயே எல்லாம் வாங்கினால் பாயிண்ட் கூடும் என்று நீங்கள் மேலும் ஒரு வழி காட்டினீர்கள். ஜரிகைக்கும் கார்டு, பட்டுநூலுக்கும் கார்டு, துவரம்பருப்புக்கும் கார்டு. எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர் கார்டு வாங்கமாட்டார் என்பதற்காக, என் அப்பா காலத்திலிருந்து சாமான் வாங்கும் அந்த மனிதரை விட்டுவிட்டு வேறு கடைக்குப் போனேன். இப்போது அவர் தெருவில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஷட்டரைப் பார்க்கிறார். இதற்கெல்லாம் பலனாக 'கோல்டு மெம்பர்' என்று ஒரு அட்டை வந்தது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அதை நான் சாமி படத்துக்குக் கீழே வைத்துக் குங்குமம் இட்டேன்.

போகட்டும். இப்போது கலைவாணிக்குத் தலைப்பிரசவம். பெற்றவள் போய் நிற்க வேண்டும். பத்தியப் பொடியெல்லாம் இடித்துப் பொட்டலம் கட்டியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஏலவார்குழலிக்கு இடுப்புக்கு மேல் பிடித்துக்கொண்டது. டாக்டர் ஸ்கேன் படத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "டிஸ்க் நகந்திருக்குதும்மா. அவ்ளோ தூரம் உக்காந்துக்கினு போவக் கூடாது. படுத்துக்கினு போற சீட்டு கெடைச்சா போங்க, இல்லன்னா வேணாம்" என்றார். திரும்பும் வழியில் அவள், ஆட்டோ கச்சபேஸ்வரர் கோயிலைத் தாண்டும்போது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் உங்களை நினைத்துக்கொண்டு, தெருவே கேட்கும்படி, "அழாத! நீ ராஜாத்தி மாதிரி போவ. எங்கிட்ட பாயிண்ட்டு இருக்குது" என்றேன். ஆட்டோக்காரர்கூடத் திரும்பி மரியாதையாகப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் உங்களுக்குத்தான் போன் செய்தேன். "இருக்கிறதுலயே சீப்பான டிக்கெட்டைப் போடுங்க சம்பந்தி, அப்புறம் பாயிண்ட்டைப் போட்டு மேல தூக்கிக்கலாம்" என்றீர்கள். போட்டேன். தூக்கப் பார்த்தால், சீப்பான டிக்கெட்டைத் தூக்க முடியாதாம். தூக்குவதற்கென்றே கொஞ்சம் விலை கூடின டிக்கெட் தனியாக இருக்கிறதாம். வித்தியாசத்தைக் கட்டி மாற்றினேன். அப்போதும் நான் உங்களை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பார்த்தால், இத்தனை வருஷம் சேர்த்த பாயிண்ட் மொத்தமும் ஒரு ஆளுக்கு, அதுவும் போகிற வழிக்கு மட்டும்தான் காணுமாம். சரி, அவள் முன்னால் படுக்கட்டும், நான் பின்னால் உட்கார்ந்து வருகிறேன் என்று பட்டனை அமுக்கினேன். பாயிண்ட் போயிற்று. போன மறு நிமிஷம் 'சர்சார்ஜ்' என்று கூடுதல் கட்டணமாக ஒரு தொகை வந்து நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். துடைத்த பிறகு அதே தொகை இன்னும் தெளிவாகத் தெரிந்தது. சம்பந்தி, அந்தத் தொகைக்கு என் கடையில் முகூர்த்தப் புடவையே எடுக்கலாம், அசல் ஜரிகையில், ரெண்டு பக்கமும் பெரிய பார்டர் போட்டு!

மறுநாள் கடையிலிருந்து அந்தக் கம்பெனிக்கு போன் போட்டேன். அதன் பெயரை எழுத என் பேனாவுக்கு இஷ்டமில்லை. தென்னேரியிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் ஜவுளி எடுக்க வந்து மெத்தையில் உட்கார்ந்திருந்தார்கள். புடவை விரித்துக் காட்ட இரண்டு கையும் வேண்டும் என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கல்லாமேல் வைத்தேன். அது ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடியது. நான் மாம்பழ நிறம், அரக்கு, மயில்கழுத்து எல்லாம் காட்டி முடித்த பிறகு ஒரு பெண் குரல் வந்தது.

"வணக்கம் சார், நான் சங்கீதா பேசறேன். எப்படி உதவலாம்?"

"ஏம்மா, பாயிண்ட்டுதான் மொத்தமா புடிச்சிக்கினீங்களே, அப்புறம் இன்னாத்துக்கு சர்சார்ஜு?"

"சீட்டை மாத்தறதுக்குத்தான் சார் பாயிண்ட். சர்சார்ஜ் தனி. எரிபொருளுக்கு."

"பின்னாடி சீட்டுக்கு எரிபொருள் வேணாமா?"

"அதுக்கு நீங்க ஏற்கெனவே கட்டிட்டீங்க சார்."

"அந்தப் பின்னாடி சீட்டுல உக்காரப் போற அதே பொம்பளதாம்மா முன்னாடி வர்றா! முன்னாடி வந்தா என் பொண்டாட்டி வெயிட்டு ஏறிப்பூடுமா? பின்னாடிதான் காலி ஆவுதே, அந்தப் பெட்ரோலைத் திருப்பிக் குடு."

மெத்தையில் உட்கார்ந்திருந்தவர்கள் புடவையைக் கீழே வைத்துவிட்டார்கள். பெண்ணின் தாய்மாமன் உதயகுமார் என்று ஒருவர், நெல் மில் வைத்திருப்பவராம், "கரெக்ட்டா கேட்டீங்க" என்று எழுந்து பக்கத்தில் வந்து நின்றார். கல்யாணப் பெண் மட்டும், "மாமா, டேர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸ்ல போட்டிருப்பாங்க" என்றாள். "நீ புடவையப் பாரு" என்று அவளை உட்கார வைத்துவிட்டார்கள்.

நான் விடவில்லை. "இலவசம்னுதானேம்மா சொன்னீங்க?"

"இலவசம்னு சொல்லல சார். ரிவார்டுன்னு சொல்லியிருக்கோம்."

"ரிவார்டுன்னா தமிழ்ல இன்னாம்மா?"

"வெகுமதி சார்."

"வெகுமதி குடுக்கிறவன் வாங்கிக்கிறவங்கிட்ட காசு கேப்பானா?"

கடையே கைதட்டியது, சம்பந்தி. உதயகுமார் ஆவேசம் வந்து போனைக் கையில் எடுத்துக்கொண்டார். "ஹலோ, நான் பொண்ணோட தாய்மாமன் பேசறேன்."

"எந்தப் பொண்ணு சார்?"

"எந்தப் பொண்ணா இருந்தா உனக்கின்னாம்மா? நியாயம் ஒண்ணுதானே?"

அந்தப் பெண் சங்கீதா பொறுமைசாலி, அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். வேண்டாம் என்றால் ரத்து செய்துகொள்ளலாம், பாயிண்ட்டைத் திருப்பிப் போட்டுவிடுவோம் என்றாள். எனக்கு உயிர் வந்தது. பிறகு, பாயிண்ட்டைத் திருப்பிப் போட ஒரு கட்டணம் இருக்கிறது என்றாள். என் பொருளை எனக்கே கொடுக்க எனக்கே கூலி! 'அநியாயம்' என்று நான் கத்திய கத்தலில் எதிர்க்கடைக்காரர் வாசலுக்கு வந்துவிட்டார். போனை வைத்துவிட்டேன்.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் பாதியில் நின்றிருக்கும். கல்யாண வீட்டார் புடவைகளைத் தேர்ந்தெடுத்து முடித்தார்கள். பில் போட்டேன். உதயகுமார் அதைக் கையில் வாங்கி என்னைப் போலவே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். "இன்னா மொதலாளி, கல்யாணப் புடவைக்கு முந்தானைக் குஞ்சம் இலவசம்னு வாசல்ல போர்டு வெச்சிருக்கீங்க. இங்க குஞ்சம் கட்டுற நூலுக்குன்னு தனியா போட்டிருக்கீங்க?"

"கட்டுற கூலிதாங்க இலவசம். நூல் தனி" என்றேன். ஊர் வழக்கம் அது.

"சங்கீதா பரவால்லையே!" என்றார் அவர். மெத்தை முழுக்கச் சிரித்தது. எனக்காகக் கைதட்டிய அதே கைகள்! ஒரு மணி நேரம் தொண்டை கிழிய நியாயம் பேசியவன் அதற்குமேல் என்ன செய்ய முடியும்? குஞ்சத்து நூலை அடித்தேன். ஃபால்ஸ் தைக்கும் கூலியை அடித்தேன். அட்டைப்பெட்டிக்குப் போட்டதையும் அவர்களே பேனாவை வாங்கி அடித்தார்கள். வியாபாரத்தில் நூலுக்கு வாங்குவது வேறு, ஆகாயத்தில் எரிபொருளுக்கு வாங்குவது வேறு என்பது உங்களுக்காவது புரியும் என்று நம்புகிறேன். அவர்களுக்குப் புரியவில்லை. இந்த நஷ்டமும் உங்கள் பேரில்தான்.

ராத்திரி வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லி, "இந்தத் திருட்டுப் பசங்களுக்கு ஒரு பைசா கட்ட மாட்டேன்" என்றேன். கொத்தமல்லிக் கட்டுக்கே பேரம் பேசுகிறவள், என் பக்கம்தான் பேசுவாள் என்று நினைத்தேன். தரையில் பாயில் படுத்திருந்தவள் எழுந்திருக்க முடியாமல் தலையை மட்டும் திருப்பினாள்.

"அந்த சீட்டுல நெஜமாவே படுக்கலாமா?"

"படுக்கலாம். அதுக்காக..."

"அப்ப கட்டுங்க."

"எவ்ளோன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். நீங்க கத்தினது எதிர்க்கடைக்காரரு வூட்டம்மா போன் பண்ணி சொல்லிட்டாங்க. இந்த முதுகு எப்படிப் போச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? போன தபா சிங்கப்பூருக்கு நேரா போற ப்ளேன் இருந்துது. பாயிண்ட்டு ஜாஸ்தி வரும்னு கொழும்பைச் சுத்திக் கூட்டினு போனீங்க. ராவெல்லாம் அந்த ஏர்போர்ட்டு இரும்பு நாற்காலியில உக்கார வெச்சீங்க. அன்னிக்கு ஆரம்பிச்சது இது. எம்முதுகைக் குடுத்து சேத்த பாயிண்ட்டு, நான்தான் படுப்பேன். கட்டுங்க."

சம்பந்தி, கொழும்பு வழியாகப் போகச் சொன்னது யார்? நான் அவளிடம் உங்கள் பெயரைச் சொன்னேன். "சொன்னவரு சொன்னாரு, கேட்டவரு யாரு?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிறகு சுவரைப் பார்த்தபடியே, "வாணி வலியில கத்தும்போது நான் இங்க பாயில கெடக்கணுமா?" என்றாள். நான் எழுந்து போய்க் கட்டினேன். கட்டும்போது கண்ணாடியை இரண்டு முறை கழற்றித் துடைத்தேன். கோபத்தில்தான் என்று அவளிடம் சொன்னேன்.

ஆகவே, இதனால் தங்களுக்குத் தெரிவிப்பது. நம் உறவு பிள்ளைகளால் ஏற்பட்டது, அது இருக்கும். பேரப்பிள்ளை பிறந்தால் சர்க்கரை எடுத்துக்கொண்டு வாலாஜாபாத் வருவேன். ஆனால் இனி எந்தப் பந்தியிலும் என் பக்கத்து இலையில் நீங்கள் உட்காரக் கூடாது. என் காதுபட 'பாயிண்ட்' என்ற சொல்லைச் சொல்லக் கூடாது. அந்தக் கம்பெனி விமானம் நம் வீட்டுக்கு மேலே பறந்தால்கூட நான் அண்ணாந்து பார்க்கப் போவதில்லை. கோல்டு அட்டையைச் சாமி படத்துக்குக் கீழேயிருந்து எடுத்துவிட்டேன். இது என் முடிவான முடிவு.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் இருவரின் வணக்கம். அவர்கள் கொடுத்தனுப்பிய எலுமிச்சை ஊறுகாய் அருமை. ஏகாம்பரநாதர் அருளால் தங்கள் குடும்பம் எல்லா வளமும் பெற்று, யாருக்கும் யோசனை சொல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
கா. பரசுராமன்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது இதை எழுதுகிறேன். இன்று காலை ஏலவார்குழலி, ப்ளேனில் நடுவில் திரை போட்டுவிடுவார்களாமே, அந்தப் பக்கம் தெரியாதவர்கள் மத்தியில் நான் தனியாகப் படுக்கமாட்டேன், நீங்களும் பக்கத்தில் வந்தால்தான் ஏறுவேன் என்கிறாள். கம்பெனிக்கு போன் செய்தேன். அந்தப் பெண் சங்கீதாவே எடுத்தாள், நல்ல பிள்ளை. சர்சார்ஜ் கட்டியதற்கு எனக்குக் கொஞ்சம் பாயிண்ட் வந்திருக்கிறதாம். ஆனால் அது காணாது. சம்பந்தி வீட்டுப் பாயிண்ட்டைக் குடும்பக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாமாம். உங்களிடம் எவ்வளவு இருக்கிறது? இந்தக் கடிதம் கிடைத்தவுடன் போன் செய்யவும். இந்த முறை நீங்கள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். சர்சார்ஜை நினைத்துத் தாங்கள் கவலைப்பட வேண்டாம், நானே கட்டிக்கொள்கிறேன். விசாரித்துப் பார்த்தேன், மற்ற கம்பெனிகள் வாங்குவதைப் பார்த்தால் இவர்கள் வாங்குவது நியாயமான தொகைதான்.