புகை பூஜ்யமான ஆபீஸ்

உலகம் சூடாகிக்கொண்டே போகிறது என்ற செய்தி, பிரிக்பீல்ட்ஸிலிருந்த அந்த இலாகாவுக்கு 1997-இல், புகைமூட்டக் காலத்தில், முறைப்படி வந்து சேர்ந்தது. டைரக்டர் கந்தையா உடனே ஆணையிட்டருளினார்.

"நாம விடுற புகையும் மரம் குடிக்கிற புகையும் சரிக்குச் சரியா இருக்கணும். மிச்சம் பூஜ்யம்! மாசக் கடைசியில மேலிடத்துல இருந்து பாக்க வராங்க. முடிச்சுக் காட்டுங்க சீவரத்தினம், உங்களுக்குப் புரமோஷன், கார் எல்லாம் உண்டு."

குமாஸ்தா சீவரத்தினம் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். வாசலில் அதிகாரிகளின் கார்கள் வரிசையாக நின்றன. ஏர்கான் குளிர் போய்விடக் கூடாதென்று டிரைவர்கள் இஞ்சினை அணைப்பதே இல்லை. மரமோ ஒரே ஒரு அங்சானா.

"காரைக் குறைச்சுக்கலாமா சார்?"

"மரியாதையைக் குறைக்கச் சொல்றீங்களா?"

அப்போதுதான் மரத்தடியில் வீரம்மா டைரக்டரின் கண்ணில் பட்டாள். கரி அடுப்பில் அப்பம் சுட்டே இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைப்பவள். சீவரத்தினம் தினமும் பசியாறுவதும் அங்கேதான்.

"பாத்தீங்களா! இந்தம்மா புகையிலேயே நம்ம மரத்துக்கு வயிறு நிறைஞ்சுடுது. அப்புறம் நம்ம கார் புகை எங்க போகும்?"

இந்த நியாயத்துக்கு மறுப்பு ஏது? சீவரத்தினம் மரத்தடிக்குப் போனார்.

"வீரம்மாக்கா, கோவிச்சுக்காதீங்க. கடையை எடுத்துடணும். உங்க புகை..."

"அங்க காலையில இருந்து சும்மா உறுமிக்கிட்டு நிக்குதே, அது என்னண்ணே?"

"அது அரசாங்கப் புகை."

"ஓகோ! மாமியா உடைச்சா மண்குடம், நான் உடைச்சா பொன்குடமா?"

அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் கார் கண்ணுக்குள்ளேயே நின்றது. வீரம்மா அடுப்பைத் தூக்கிக்கொண்டு ஊரின் மறுபக்கம், அம்பாங்குக்குப் போய்விட்டாள்.

அடுத்து மரம் நடுவிழா. பந்தல் போட இடம் பற்றாமல் அங்சானாவை வெட்டினார்கள்.

"ஐயையோ, இனிப் புகையை யார் சார் குடிக்கிறது?"

"அதான் புதுசு நடுறோமே!" என்று டைரக்டர் ஒரு சாண் கன்றைக் காட்டினார். "அது வளர்ற வரைக்கும் புகையை வெளிய அனுப்பிடுங்க."

விழாவன்று காலை, விருந்தினருக்கு வீரம்மாவின் அப்பம் வாங்கிவர எல்லாக் கார்களும் அம்பாங்குக்குப் பறந்தன, காருக்கு ஒரு பொட்டலம் வீதம். வாசலில் காருமில்லை, அடுப்புமில்லை. மேலிடத்திலிருந்து வந்தவர்கள் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, புகை பூஜ்யம் என்று மனமார அறிவித்தார்கள். அப்பத்தையும் புகழ்ந்தார்கள்.

சீவரத்தினத்துக்குக் கார் வந்தது. மறுநாளே பசியாற அம்பாங்குக்குப் போனார். கடை முன்னால் நீளமான கார் வரிசை.

"அண்ணே, கண்ணு எரியுது. இஞ்சினைக் கொஞ்சம் அணைக்கச் சொல்லுங்க லா," என்றாள் வீரம்மா.

சீவரத்தினம் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கினார்.

"குளிர் போயிடும்க்கா. முதல்ல பின்னால நிக்கிறவங்களை அணைக்கச் சொல்லுங்க."

பின்னால் நின்றது நாம்தான். நாமும் அதையேதான் சொன்னோம்.