உஷார் சாரும் காம்பன்சேஷன் கடிதமும்

பயப்படுவதில் எங்கள் உஷார் சாரை மிஞ்ச ஹைதராபாத், செகந்திராபாத் இரண்டு ஊரிலும் ஆள் கிடையாது. ஓடுகிற ஃபேனுக்குக் கீழே உட்கார மாட்டார். லிஃப்டில் ஏற மாட்டார். சொந்த மகளின் கல்யாணத்தில் எல்லோரும் மணமக்களைப் பார்த்து அட்சதை போட, இவர் மட்டும் மேலே தொங்கிய அலங்கார விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆல்பம் முழுக்க அண்ணாந்த முகம்தான்.

பாலாநகரில் உலோகப் பாகங்களுக்கு முலாம் பூசும் தொழிற்சாலை எங்களுடையது. நான் பர்ச்சேஸில், அவர் டிஸ்பேட்சில். இரண்டு பேரும் மல்காஜ்கிரியிலிருந்து ஒன்றாக ஆட்டோவில் வருவோம். அவருடைய நிஜப் பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத் குடும்பம். தமிழ், தெலுங்கு, உருது எதில் ஆரம்பித்தாலும் "உஷார்!" என்றுதான் முடிப்பார்.

ஒரு வருஷம் புது நிர்வாகம் வந்தது. வந்ததும் இன்சூரன்ஸுக்கு என்று எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மெயில். வெள்ளிக்கிழமை உங்கள் காம்பன்சேஷன் கடிதம் தரப்படும். ஒவ்வொருவராகக் கான்ஃபரன்ஸ் ரூமுக்கு வரவும். கடிதத்தில் உள்ளதை யாரிடமும் சொல்லக் கூடாது.

உஷார் சார் என் மேஜைக்கு வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏம்மா, மெயில் பார்த்தியா?"

"பார்த்தேன் சார். சம்பள விஷயம்தானே?"

"சம்பளம்னா சேலரின்னு போட மாட்டானா? காம்பன்சேஷன் எவனுக்குக் குடுப்பாங்க?"

அவருக்கு அது நன்றாகத் தெரியும். இங்கே வருவதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் விபத்து வழக்குகள் நடத்தும் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்தவர். லாரியில் அடிபட்டவர், மெஷினில் கையைக் கொடுத்தவர், புருஷனைப் பறிகொடுத்தவள், எல்லோருடைய மனுவிலும் அந்த வார்த்தையை அவர்தான் அடித்திருக்கிறார்.

"நான் அடிச்ச காம்பன்சேஷன்ல ஒருத்தன்கூட முழுசா இருந்ததில்லைம்மா. அது நஷ்டஈடு. யோசிச்சுப் பாரு. முதல்ல ரத்தம் எடுத்தான். இப்ப நஷ்டஈடு குடுக்கறான். நடுவுல என்ன ரிப்போர்ட் வந்துச்சு? காய்கூ? ஏன் நம்மகிட்ட சொல்லல?" என்று உருதுவில் ஒரு தடவையும் தமிழில் ஒரு தடவையும் கேட்டார்.

நான் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் முலாம் பூசும் இடத்திலிருந்து அந்தப் புளித்த வாசனை மூக்கில் ஏறியது. ஆறு வருஷமாக வருகிற வாசனைதான். அன்றைக்கு அது தொண்டை வரைக்கும் இறங்கியது.

புதன்கிழமை அவர் ஆபீஸ் தண்ணீரைத் தொடவில்லை. மத்தியானத்துக்குள் வேறு யாரும் தொடவில்லை. ஆளைக் குறைக்கும்போது கொடுக்கும் பணத்துக்கும் காம்பன்சேஷன் என்றுதான் பெயர் என்று ஒருவர் ஃபோனில் தேடிக் கண்டுபிடித்தார். அதோடு ஆபீஸ் இரண்டாகப் பிரிந்தது. பாதிப் பேருக்கு வியாதி, மீதிப் பேருக்கு வேலை போய்விட்டது. நான் இரண்டு பக்கமும் இருந்தேன். என் கணவரின் கடையை மூடி நாலு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் எதுவும் சொல்லாமல் பிள்ளைக்கு டிபன் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். கட்டும்போது டப்பா மூடி இரண்டு தடவை கீழே விழுந்தது.

வியாழக்கிழமை நாக்கின் நிறத்தைப் பார்க்கலாம் என்று பாத்ரூம் கண்ணாடிக்குப் போனேன். அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

வெள்ளிக்கிழமை முதலில் கூப்பிட்டது டீ போடும் எல்லம்மாவை. புருஷன் இல்லாதவள், இங்கிலீஷில் ஓர் எழுத்து தெரியாது. "பயங்கா உந்தி சார்" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

உஷார் சார் எழுந்தார். அவள் நடுங்கியதைவிட இவர் நடுங்கியது அதிகம். சுவரைப் பிடித்துக்கொண்டே அவளோடு உள்ளே போனார். கதவைச் சாத்த விடவில்லை. அதனால் நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

"சார், உங்க முறை இன்னும் வரலியே" என்றாள் ஹெச்.ஆர். பெண். சின்ன வயசு. வேலையில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

"இந்தம்மாவுக்குப் படிக்க வராது மேடம். நான் படிச்சுச் சொல்றேன். எல்லம்மா, கையெழுத்து நக்கோ, இப்ப போடாதே! மேடம், ஒண்ணே ஒண்ணு சொல்லிடுங்க. எங்க ரத்தத்துல என்ன இருக்கு? எந்த நஷ்டத்துக்கு ஈடு குடுக்கறீங்க?"

அந்தப் பெண் மிரண்டுபோனாள். "நஷ்டமா? சார், காம்பன்சேஷன்னா சம்பளம்தான்! பேசிக், பி.எஃப்., இன்சூரன்ஸ், போனஸ் எல்லாத்தையும் சேர்த்து அப்படிச் சொல்வோம். ரத்த ரிப்போர்ட் போன வாரமே உங்களுக்கு மெயில்ல வந்துச்சே, பார்க்கலையா?"

உஷார் சாரின் குரல் இறங்கியது.

"வந்துச்சு மேடம். பயமா இருந்துச்சு. டெலீட் பண்ணிட்டேன்."

வெளியே நின்ற நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. எங்களில் யாருமே அதைத் திறந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகும் அவர் விடவில்லை. எல்லம்மாவின் கடிதத்தை வரிவரியாகத் தெலுங்கில் படித்தார். சம்பளம் கூடியிருந்தது. அவள் அழுதாள். கையெழுத்துப் போடும் இடத்தை அவரே விரல் வைத்துக் காட்டினார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"ஆனா ஈடுன்னா ஏதோ ஒண்ணு போயிருக்கணுமே மேடம்? காலையில வந்து சாயங்காலம் போறோமே, அந்த நேரமா?"

அந்தப் பெண் யோசித்தாள். "அப்படியும் சொல்லலாம் சார்."

"ஹவ், ஆமா, அப்ப சரி. ஆனா அடுத்த தடவை சேலரின்னே போடுங்க. இங்க மூணு நாளா யாரும் தண்ணி குடிக்கல."

அன்று முழுக்க அவர் அந்தக் கதவருகிலேயே நின்றார். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொன்னார். படிக்கத் தெரிந்த நானும் என் கடிதத்தை அவரிடமே கொடுத்தேன். தன் கடிதத்தைக் கடைசியாகத்தான் பிரித்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு.

இந்த வருஷம் ரிட்டயர் ஆகிவிட்டார். ஆட்டோவில் இப்போது என் பக்கத்தில் யார் யாரோ உட்காருகிறார்கள். என் துப்பட்டா சக்கரத்துப் பக்கம் பறக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.