முதல் ஷிப்டு காபி

முனிவேல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்து நடுவில் நின்று சபதம் போட்டார்.

"கேட்டுக்க மாதேசு! இனிமே இந்த நாக்குல சிக்கரி படாது. பட்டா நான் முனிவேல் இல்ல."

"அப்போ என்ன பேர் வைக்கலாம்?" என்றாள் அவர் மனைவி மாதேஸ்வரி, கீரை ஆய்ந்துகொண்டே.

சபதத்துக்குக் காரணம் பெங்களூர். ஓசூர் மெஷின் ஷாப் ஒன்றில் முனிவேல் ஃபோர்மேன். கம்பெனி ரெண்டு நாள் டிரெயினிங்குக்கு அனுப்பியது. போன இடத்தில் பாலில்லாமல், சர்க்கரையில்லாமல், மலை எஸ்டேட் காபி என்று ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் தலையாட்டிக் குடித்தார்கள். இவரும் ஆட்டினார். ஆட்டின தலையோடு கடைக்குப் போய், கால் கிலோ தூளைத் தொள்ளாயிரம் ரூபாய்க்கு வாங்கி வந்துவிட்டார்.

விலையைக் கேட்டதும் பெண்டாட்டி வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் குதிக்கவில்லை. மனுஷன் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும்.

மாதேஸ்வரிக்கு வண்டி பார்ட்ஸ் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. முதல் ஷிப்டு. கோழி கூவுமுன் எழுந்து, சிக்கரி மணக்கக் காபி போட்டு, தான் குடித்தது போக மிச்சத்தை இவருக்கு பிளாஸ்கில் ஊற்றி வைத்துவிட்டு, தெருமுனைக்கு ஓடிக் கம்பெனி பஸ்ஸைப் பிடிப்பாள். முனிவேலுக்கு ஜெனரல் ஷிப்டு. நன்றாக விடியும்வரை தூக்கம். அந்த விடிகாலைத் தூக்கத்துக்கு ஈடாகக் சொந்த ஊர் கல்லாவியில் இருக்கிற பூர்வீக நிலத்தையே கேட்டாலும் எழுதிக் கொடுத்துவிடுவார். அப்படி ஒரு தூக்கம் அது!

"இந்தத் தூளை நான் தொடமாட்டேங்க," என்றாள் மாதேஸ்வரி. "இம்புட்டு வெலை போட்டு வாங்கினது, என் கையில கெட்டுப்போச்சுன்னா?"

"கெட்டுத்தான் போகும். பாலை ஊத்துவே. சர்க்கரையைக் கொட்டுவே. கொலையே பண்ணிடுவே."

"அதான் சொல்றேன். நீங்களே போடுங்க."

போட்டார். முதல் வாய் உள்ளே போனதும் நாக்கு சுருண்டு தொண்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. கண்ணில் தண்ணீர். ஆனாலும் விடுவாரா? "பிரமாதம்!" என்றார்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுச் சம்பங்கி வந்தான். கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிறவன். "சக்கத்தா இருக்கும் போலிருக்கேண்ணா" என்று ஆசையாக ஒரு வாய் வாங்கினவன், முகத்தைப் பிழிந்த துணியாக்கிக்கொண்டான். "இதுக்கு மருந்துக்கடைக்கே போயிருக்கலாமேண்ணா!"

"உனக்கெல்லாம் நாக்கு எதுக்குடா? நீ சொல்லு மாதேசு."

மாதேஸ்வரி ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடினாள். கம்பெனியில் பார்ட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற அதே நிதானம்.

"ரிஜெக்ட் இல்லங்க."

"பின்னே?"

"ரீவொர்க்."

வீடே அதிர்ந்தது. இருபது வருஷமாக "என் லைன்ல ரீவொர்க் கிடையாது" என்று மார்தட்டின ஆள் முனிவேல். செய்த வேலையைத் திருப்பிச் செய் என்றால் அவருக்கு மானம் போன மாதிரி.

"யாரைப் பார்த்து என்ன சொல்றே?"

"தூள் நல்ல தூள்தாங்க. கைதான் பழகல. வீட்டுத் தூள்லயே டிகாஷன் எறக்கத் தெரியாதவங்க எஸ்டேட் காபிக்கு எங்க போறது? விடுங்க. உங்களால முடியாது."

"முடியாதா?"

"முடியாதுங்க. வெள்ளன எந்திரிக்கணும், பால் பொங்காம பாக்கணும்..."

"நாளைக்குக் காலையில காட்டறேன் பாரு!"

மறுநாள் நாலரைக்கு எழுந்தார். வீட்டுத் தூளில் காபி போட்டார், சிக்கரியோடுதான். நாக்கில் படாது என்றுதானே சபதம்? கையில் படலாமே. மாதேஸ்வரி நிதானமாக எழுந்து வந்து குடித்தாள். "டிகாஷன் தண்ணி. ரீவொர்க்." அடுத்த நாள், "சர்க்கரை தூக்கல்." அதற்கடுத்த நாள், "சூடு பத்தல." ஒரு சொட்டு வாயில் விட்டுப் பார்க்காமல் யாரால் காபி போட முடியும்? முனிவேலும் விட்டுப் பார்த்தார். பிறகு ஒரு மடக்கு. பிறகு ஒரு டம்ளர். தேவாமிர்தமாக இருந்தது. அது குடிப்பதில் சேராது, இன்ஸ்பெக்‌ஷன் என்று நாக்குக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். தொள்ளாயிரம் ரூபாய்த் தூள் கடுகு டப்பாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது.

ஒரு வழியாக, "இன்னிக்கு நல்லாருக்கு," என்றாள்.

"அப்படி வா வழிக்கு!"

"ஒரு கப் நல்லா வந்தா போதுமாங்க? சாம்பிள் யாருக்கும் வரும். போடற மொத்த லாட்டும் நல்லா வரணும். பெரிய பிளாஸ்க்ல ஊத்துங்க, பஸ்ஸில இருக்கிறவங்க எல்லாம் குடிச்சுப் பாக்கட்டும்."

நியாயமான பேச்சு. மெஷின் ஷாப் ஆளால் மறுக்க முடியுமா? மறுநாள் முதல் முனிவேல் பஸ்ஸுக்கே காபி போட்டார். மாதேஸ்வரி தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு, பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு, சாவகாசமாக நடந்து போனாள். முனிவேல் கம்பெனியில் டிரில்லிங் மெஷின் மேல் சாய்ந்து தூங்கி, மானேஜர் தட்டி எழுப்பும்படி ஆனது.

ஒரு சாயங்காலம் சம்பங்கி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான்.

"அண்ணா, இன்னிக்கு பஸ்ஸுக்கு என் காபியும் போச்சு தெரியுமா?"

"உனக்கு என்னடா கேடு?"

"என் வூட்டுக்காரி லட்சுமியும் அந்த பஸ்தானே? 'முனிவேல் அண்ணா மாதிரி உன்னால முடியாது'ன்னுட்டா. முடியாதாண்ணா? என்னால முடியாதா?"

முனிவேலுக்குப் பொறி தட்டியது. அட பாவிகளா! அந்த வார்த்தையை அவர் எங்கே கேட்டிருக்கிறார் என்று சொல்லவும் வேண்டுமா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராகச் சமையலறைக்குள் போனார்.

"மாதேசு! உங்க கூட்டுக்களவாணித்தனம் தெரிஞ்சுபோச்சு. இனிமே நான் எந்திரிக்க மாட்டேன். எந்தக் கொம்பன் வந்து எழுப்பினாலும் மாட்டேன்!"

"எந்திரிக்க வேணாங்க. நல்லா தூங்குங்க பாவம். இனிமே சம்பங்கி தம்பியே போடட்டும்."

வெற்றி! முனிவேல் மீசையைத் தடவிக்கொண்டு வாசல்வரை போனார். நின்றார். திரும்பி வந்தார்.

"அவன் காபி... எப்படி இருந்துச்சு?"

மாதேஸ்வரி கண்ணை மூடி யோசித்தாள்.

"ஓகே பண்ணிட்டோங்க. மொதல் தடவையிலேயே."

அன்று படுக்கும்போது முனிவேல் செல்போன் அலாரத்தை நிறுத்தவில்லை; நாலேகாலுக்கு மாற்றி வைத்தார்.